மூன்று நாள் கெடு

கெடு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பணம் வரவில்லை.

சனிக்கிழமை மதியம். சமையலறை மேஜையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தாள் முராசே கஸூயோ. எதிரில் அவள் கணவன் ஷின்பெய் சத்தம் வராமல் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தான். வழக்கமாகத் தெருவுக்கே கேட்கும்படி உறிஞ்சுகிறவன்.

இணைய ஏலத்தில் போயிருந்தது அவர்கள் மகளுடைய ராந்தொசெரு. முதல் வகுப்பில் சேரும் பிள்ளையின் முதுகில் ஏறி, ஆறு வருடம் கழித்துத்தான் இறங்கும் அந்தத் தோல் பை. புதிது வாங்கப் போனால் கை சுட்டுவிடும். மகள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததால் இதன் ஓரங்கள்கூடத் தேயவில்லை.

மகளுக்கு ஏப்ரலில் நடுநிலைப் பள்ளி. திங்கட்கிழமை கடையில் முழுப் பணத்தையும் கட்டிச் சீருடையை எடுத்தாக வேண்டும். பை விற்ற இருபத்தாறாயிரத்து ஐந்நூறு யென் வந்தால்தான் அது நடக்கும்.

விளம்பரத்தில் விதிகளைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். மூன்று நாளில் பணம் அனுப்ப முடியாதவர்கள் தயவுசெய்து ஏலம் கேட்க வேண்டாம். பழைய ஏலங்களின் மதிப்பீட்டில் ஒரே ஒரு ‘மோசம்’ வாங்கியிருப்பவர்களும் கேட்க வேண்டாம். இந்த இரண்டாவது விதியைப் போடாத விற்பனையாளர் அந்தத் தளத்தில் அநேகமாக யாருமில்லை.

கஸூயோவுக்கு எட்டு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு ‘நன்று’. மோசம் ஒன்றுகூட இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஏலத்தில் எடுத்தது அவோமோரிக்காரி, ஹிராயே நத்ஸுமி. முதல் நாள் பேச்சுமூச்சில்லை. இரண்டாம் நாள் ஒரு செய்தி வந்தது. தொடக்கத்தில் ஒரு மன்னிப்பு, முடிவில் ஒரு மன்னிப்பு.

இருபத்தைந்தாம் தேதிதான் சம்பளம், அன்று காலையிலேயே அனுப்பிவிடுவேன் என்று எழுதியிருந்தாள். நாலாயிரத்துக்குள் முடியும் என்று நினைத்து அதை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தாளாம். யாரோ ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போய்விட்டாராம். இந்தக் கஷ்கொட்டைப் பழுப்பு நிறம்தான் வேண்டும் என்று மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு விட்டுக்கொடுக்க முடியவில்லையாம்.

கஸூயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் காசில்லாதவளுக்கு ஏலம் என்ன வேண்டிக் கிடக்கிறது? எல்லோருக்கும்தான் பிள்ளை இருக்கிறது, எல்லோருக்கும்தான் ஏப்ரல் வருகிறது.

உங்கள் நிலைமை புரிகிறது, ஆனாலும் விதியை மாற்ற இயலாததற்கு மனமார வருந்துகிறேன் என்று பதில் போட்டாள். அந்தப் பணிவு அவள் விரல்களுக்குப் பழகிப்போன ஒன்று, மனம் அதில் கலந்துகொள்ள வேண்டியதில்லை.

அதன்பிறகு அவோமோரியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

“அஞ்சு நாள்தானே கேக்குறாங்க. குடுத்துடேன்,” என்றான் ஷின்பெய், கிண்ணத்திலிருந்து முகத்தை எடுக்காமல்.

“சீருடைக் கடைக்காரன் அஞ்சு நாள் குடுப்பானா? நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க.”

அவன் குச்சிகளால் நூடுல்ஸைக் கிளறினான்.

ஒரு மணி ஆனது. கஸூயோ இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகவே பார்த்தாள், யாரும் குறை சொல்லிவிடக் கூடாது பாருங்கள். பிறகு ‘வாங்கியவரின் காரணத்தால் ரத்து’ என்பதை அழுத்தினாள்.

அதை அழுத்தினால் வாங்கியவர் பெயரில் ‘மிக மோசம்’ தானாகவே விழும். ஹிராயேவுக்கு அதுவரை இருந்தது மொத்தம் ஒன்பது மதிப்பீடு, ஒன்பதும் நன்று. இனி அவளை எந்த ஏலத்திலும் வாசல்படி ஏற விடமாட்டார்கள். பள்ளி திறக்க இருப்பதோ இரண்டே வாரம். எல்லாம் கஸூயோவுக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்தினாள், அழுத்தும்போது நெஞ்சுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

அடுத்த கட்டத்தில் திரை ஏதோ கேட்டது. அதே சூட்டோடு, படிக்காமலே ‘ஆம்’ கொடுத்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஷின்பெயின் கைப்பேசி கிணுகிணுத்தது.

அவன் குச்சிகளைக் கீழே வைத்தான். பார்த்தான். சிரிக்கவில்லை. கைப்பேசியை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

வாழ்த்துகள். முதலில் எடுத்தவர் நீக்கப்பட்டதால், அடுத்த இடத்தில் இருந்த உங்களுக்கே பொருள் வழங்கப்படுகிறது. இருபத்தாறாயிரம் யென்னை மூன்று நாளுக்குள் செலுத்தவும்.

ஏலம் முடியும் நேரத்தில் அவனை இதே மேஜையில் உட்கார வைத்து, விலையை ஏற்றச் சொன்னது கஸூயோதான். யாராவது ஏற்றினால் முடிவு நேரம் தானாகவே ஐந்து நிமிடம் தள்ளிப்போகும். அப்படித் தள்ளித் தள்ளி ஒன்றரை மணி நேரம் ஓடியது. பத்தாயிரத்தைத் தொட்டதும் போதும் கஸூயோ, பாவம் என்று அவன் கையை எடுத்தான். எதிரில் கேட்கிறவள் விடமாட்டாள், இன்னும் ஏற்றுங்கள் என்று அந்தக் கையைப் பிடித்துத் திரையில் வைத்தவளும் அவள்தான்.

“எனக்கு அடுத்து யாருன்னு பாரு. அவங்களுக்காவது குடுப்போம்,” என்றான் ஷின்பெய்.

கஸூயோ பட்டியலைக் கீழே தள்ளினாள். மேலே தள்ளினாள். மறுபடியும் கீழே தள்ளினாள்.

அந்தப் பையைக் கேட்டவர்கள் மொத்தமே இரண்டு பேர்தான்.