பெரிய வார்த்தைகள்

யாரெமா லாரியின் பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபடி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். சுரங்கத்துச் சிவப்புத் தூசி நாக்கிலும் படிந்திருந்தது.

"என்னண்ணே, நாக்குல புண்ணா?" என்று கேட்டபடி தெமீத் ஏறி வந்தான். அடுத்த லாரியை ஓட்டுகிறவன்.

"புண்ணெல்லாம் இல்லடா. இங்கிலீஷ்காரன் நன்றி சொல்லவே நாக்கைப் பல்லுக்கு நடுவுல வைக்கணுமாம். நம்ம உக்ரைன் பேச்சுல அந்தச் சத்தமே கிடையாதே."

"அறுபது வயசுல நாக்கைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கப் போறீங்க." ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கிய சின்ன வெள்ளைப் பலகையை எட்டிப் பார்த்தான். "மேக்... னானி... மஸ். இது என்ன, புது வெடிமருந்தா?"

"பெருந்தன்மையானவங்கன்னு அர்த்தம். சம்பந்தி ஜட்ஜா இருந்தவரு. அவருகிட்டப் போயி 'குட் பீப்பிள்'னா சொல்ல முடியும்?"

"நீங்க இங்கிலீஷ்ல நல்லா ஏசுவீங்களே, அதுல ரெண்டு எடுத்து விடுங்க. அங்கேயே தீர்ப்பு சொல்லிடுவாரு."

தெமீத் சிரித்தான். யாரெமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய ஆங்கிலம் இரண்டு கோடைகள் இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போனபோது மேஸ்திரிகளிடம் பொறுக்கியது. பாதி வசவு. மகள் யுஸ்தினா கல்லூரியில் படித்தபோது, ஒருநாள் அவளுடைய வெளிநாட்டு ஆசிரியரை வாசலில் பார்த்து அந்த ஆங்கிலத்தில் நலம் விசாரித்துவிட்டார். கூட நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

யுஸ்தினா அழவில்லை, கத்தவில்லை. காது மடல்கள் மட்டும் சிவந்துபோயின. "இனிமே என் கூட இருக்கிறவங்க முன்னாடி வாயைத் திறக்காதீங்கப்பா" என்றாள்.

அப்புறம் அவள் எடின்பரோவுக்குப் படிக்கப் போனாள். அங்கேயே வேலை, அங்கேயே டங்கன் என்கிற பையன். போனில் முகம் பார்த்துப் பேசும்போது சம்பந்திகள் எட்டிப் பார்த்தால், "லைன் சரியில்லப்பா, சும்மா சிரிங்க" என்பாள். அவர் சிரிப்பார்.

அந்தப் பலகை டங்கனின் அம்மா மொய்ரா பார்சலில் அனுப்பியது. கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா, எழுதி அழிக்கப் பேனா, கூடவே ஒரு டப்பா பிஸ்கட். பிரித்த அன்றைக்கு யாரெமாவுக்கு உடம்பே கூசிப்போயிற்று.

அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை என்று மகள் சொல்லியிருப்பாள். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற மாதிரி சிலேட்டு அனுப்பியிருக்கிறார்கள். பிஸ்கட்டைத் தெமீத்திடம் கொடுத்துவிட்டு, பலகையை லாரியில் மாட்டினார். அன்றிலிருந்து மண் ஏற்றக் காத்து நிற்கிற நேரமெல்லாம் படிப்புதான்.

கல்யாணத்துக்காக அவர்கள் கிளம்பி வந்துகொண்டிருந்தபோது, கீவிலிருந்து யுஸ்தினா கூப்பிட்டாள். போருக்கு முந்தின கோடை அது.

"காலையில வந்துடுவோம்பா. ரெண்டே நாள்தான் இருப்பாங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க நம்ம வழக்கப்படி வரவேற்பு ரொட்டியை நீட்டிட்டு நின்னா போதும்."

"பெத்தவன் நானு, ரெண்டு வார்த்தை..."

"வேணாம்பா. கெஞ்சிக் கேக்கறேன்."

அந்தக் குரலிலேயே அவருக்கு அவளுடைய காது மடல்கள் தெரிந்தன. இந்தத் தடவை உன்னைத் தலைகுனிய வைக்க மாட்டேன் பார், என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தார்.

காலையில் பிரஷ் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் சுரங்கச் சிவப்பு போகவில்லை. பலகையை லாரியிலேயே விட்டுவிட்டார். இனி அது எதற்கு?

ரயில் நின்றது. பூவேலைத் துண்டின் மேல் ரொட்டியும் உப்பும் ஏந்தி யாரெமா நின்றார். அவருக்குப் பின்னால் பெட்டி தூக்க வந்த தெமீத்.

முதலில் டங்கன் குதித்து இறங்கினான். ஜட்ஜும் மொய்ராவும் இறங்கினார்கள். மொய்ரா அவரைப் பார்த்ததும் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தாள். கடைசியாக இறங்கிய யுஸ்தினா அப்பாவைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம்.

யாரெமா நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்தார்.

இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்றார். உங்களைப் போலப் பெருந்தன்மையானவர்கள் வீட்டில் என் மகள் வாழ்வது என் பாக்கியம் என்றார். என் வீடு சின்னது, என் ஆங்கிலம் அதைவிடச் சின்னது, இரண்டும் உங்களுக்காகத் திறந்திருக்கின்றன என்றார். ஒரு வார்த்தைகூட வழுக்கவில்லை.

ஜட்ஜ் தொப்பியைக் கழற்றினார். மொய்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்களில் நீர் கட்டிக்கொண்டது.

"ஜெயிச்சுட்டீங்கண்ணே" என்று தெமீத் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தான்.

யாரெமா மகளைப் பார்த்தார். காது மடலில் தொடங்கிக் கழுத்துவரை சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த வார்த்தையில் தப்புப் பண்ணினோம் என்று அவர் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்த் தேடினார்.

மொய்ரா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள். அதில் பெரிய வார்த்தை ஒன்றுமே இல்லை. யாரெமாவுக்கு முழுசாகப் புரிந்தது.

"உங்கப்பா ஊமைன்னுதானேம்மா சொன்னே?"