இருபத்தேழாவது கையெழுத்து

இருபத்தேழாவது கையெழுத்து விழுந்ததும் இராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பவானிபூரில் நில ஆய்வு அலுவலகத்தின் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, ஃபைலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

நான்கு வருட அலைச்சல். 1981-இல் மத்திய அரசு அதிகாரியான அவருக்கு டெல்லி மேலிடத்திலிருந்து ஒரு வேலை வந்தது. மின்சாரம் எடுக்க நூறு காற்றாலைகள் நிறுத்துவதானால் எத்தனை இலாகாக்களின் அனுமதி வேண்டும் என்று ஆராய வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது; நிஜமாகவே விண்ணப்பித்து வாங்கிக் காட்ட வேண்டும். முடித்தால் மெட்ராஸுக்கு மாற்றல்.

மெட்ராஸ் என்ற ஒரு சொல்லுக்காகவே ஒப்புக்கொண்டார். சுந்தரவனக் கழிமுகத்தில் தேனுகாளி என்ற தீவைத் தேர்ந்தெடுத்தார். ஒரே ஒரு முறை படகில் போய், முழங்கால் சேற்றில் அரை மைல் நடந்து, அங்கிருந்த அறுபது குடும்பங்களிடமும் "லைட்டு வரப்போகுது" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு போக நேரமில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கவே பொழுது சரியாக இருந்தது.

வனத்துறையில், காற்றாலையின் நிழல் மான்கள் மேல் விழுமா என்று கேட்டார்கள். மீன்துறையில், சத்தத்துக்கு இறால் மிரளுமா என்றார்கள். சட்டத்துறையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "காத்து யாருக்குச் சொந்தம்? ஸ்டேட்டுக்கா, சென்டருக்கா?" என்று கேட்டதில் மட்டும் பதினோரு மாதம் போயிற்று.

கடைசியாக மிச்சமிருந்தது நில ஆய்வுச் சான்றிதழ். நில ஆய்வு அதிகாரி கோஷால் பாபு தீவுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதித் தர வேண்டும். காலையில் புறப்பட்டவர் மாலைக்குள் திரும்பிவிட்டார். ஷூவில் போட்ட பாலிஷ்கூடக் கலையவில்லை.

"என்னா எடம் இராஜமாணிக்கம் மோஷாய்! தென்னை மட்டும் எண்பத்தாறு. நானே எண்ணினேன்," என்றார். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

லேக் கார்டன்ஸ் வீட்டில் மனைவி வசந்தி நம்பவில்லை. "நெசமாத்தானா? போன வருஷமும் இப்படித்தான் பெட்டியைக் கட்ட வச்சு, திரும்ப அவுக்க வச்சீங்க."

"இனிமே ஒருத்தர் கையெழுத்தும் பாக்கி இல்ல வசந்தி. அறிக்கையோட அட்டைக்குத் தீவை ஒரு போட்டோ எடுத்துட்டா முடிஞ்சுது. கட்டு பெட்டியை!"

மறுநாள் கழுத்தில் கேமராவோடு ரயிலேறி, பிறகு ஒரு மோட்டார் படகை அமர்த்திக்கொண்டார். மூன்று மணி நேரம் போன பிறகு படகுக்காரன் எஞ்சினை அணைத்தான்.

"ஏம்ப்பா, ரிப்பேரா?"

"இல்ல பாபு. தேனுகாளி வந்தாச்சு."

இராஜமாணிக்கம் எழுந்து நின்று பார்த்தார். நான்கு பக்கமும் செம்மண் நிறத்தில் தண்ணீர்.

"எங்கப்பா தீவு?"

"ரெண்டு வருஷமாச்சு பாபு. கரை கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுக்கிட்டே வந்துது. ஒரு மழைக்காலத்துல மொத்தமா போயிடுச்சு. ஜனங்க கெடைச்ச பக்கம் போயிட்டாங்க. என் வீடு அதோ, அந்த அலைக்கு அடியில கெடக்கு." படகுக்காரன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான். "லைட்டு வரும்னு சொன்ன பாபு நீங்கதானே?"

கரைக்குத் திரும்பி வரும்வரை இராஜமாணிக்கம் அந்த மனிதனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கேமராவின் உறையையும் கழற்றவில்லை.

அடுத்த நாள் பத்து மணிக்கு முன்பே கோஷால் பாபுவின் மேஜைமேல் ஃபைலை ஓங்கி அடித்தார். அந்த அறையில் தட்டச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

"தீவே இல்ல கோஷால் பாபு! தண்ணி! வெறும் தண்ணி! எண்பத்தாறு தென்னைன்னு எழுதியிருக்கீங்களே, எதைய்யா எண்ணினீங்க?"

கோஷால் பாபு பதறவில்லை. டீயின் கடைசி மடக்கைக் குடித்து முடித்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, இருபத்தேழு அனுமதிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, பாவம், வெயிலில் அலைந்து இந்த மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிற மாதிரி நிமிர்ந்தார்.

"தீவு முழுகிடுச்சுங்கறீங்க?"

"என் கண்ணால பார்த்துட்டு வந்தேன்!"

கோஷால் பாபு ஃபைலை மூடி, நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"எங்க பர்மிஷன் இல்லாம அது எப்படி முழுகும்?"