பாக்கி இருக்கட்டும்

"ஊசி வெச்ச கர்சோ தாத்தாவுக்கு ஏழு லட்சத்து ஐம்பதாயிரம் ரூப்பியா பாக்கி இருக்குங்க. அதைத் தீர்க்காம அந்த ஊசியில கை வைக்கக் கூடாது" என்றாள் துமினி.

படை மருத்துவமனை வராந்தாவில் நின்றிருந்த அவள் புருஷன் துகிமானுக்கு எரிச்சலாக வந்தது. மகன் விமானி ஆகப் போகிற நேரத்தில் இவள் என்ன பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்?

எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தாண்டி, உடல் பரிசோதனை வரைக்கும் வந்துவிட்டான் சேனோ. கண், காது, பல் எதிலும் குறை இல்லை. சுழல் நாற்காலியிலிருந்து இறங்கிய மற்றப் பையன்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். இவன் கோடு போட்ட மாதிரி நடந்து வந்தான். மூச்சடக்கும் சோதனையில் உதவியாளரே அலுத்துப்போய், "போதும்டா, நீ என்ன மீனா?" என்று கேட்டாராம்.

கடைசியில் மார்பு எக்ஸ்ரேதான் காலை வாரிவிட்டது. இதயத்துக்கு நேர் மேலே, தோலுக்கடியில், உமி நீளத்துக்கு ஒரு தங்க ஊசி.

சூசுக். ஊரறிந்த சங்கதிதான். மேடையில் பாடுகிறவளும் சோற்றுக்கடை போடுகிறவளும் முக வசியத்துக்காக மந்திரித்து வைத்துக்கொள்வது. மேஜர் டாக்டர், "என்ன தம்பி, விமானத்தை மயக்கப் போறியா?" என்று சிரித்தார். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"கன்னத்துல வைப்பாங்க, நெத்தியில வைப்பாங்க. நெஞ்சுல வெச்சா யாரு பாக்கப் போறா?"

பறக்கிறவன் உடம்பில் ஊசி ஆணி எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். சின்ன அறுவைதான். இன்றைக்கே எடுத்துவிட்டால் தேர்ச்சி, இல்லையென்றால் மூட்டையைக் கட்டலாம் என்றார்.

துமினியைத் துகிமான் கட்டிக்கொண்டபோது சேனோவுக்கு எட்டு வயது. சூளையில் செங்கல் சுமந்துதான் அவனைப் படிக்க வைத்தான். சூளைக்கு மேலே விமானம் போனால் பையன் சோற்றுக் கையோடு அண்ணாந்து நிற்பான். ஒரு காய்ச்சல், ஒரு இருமல் என்று அவன் படுத்ததே இல்லை. கை மட்டும் எப்போதும் சில்லென்று இருக்கும். குளிர்ந்த உடம்பு என்று துகிமான் நினைத்துக்கொள்வான்.

"சின்னதுல சூளைக் குட்டையில விழுந்தேன்ல, அப்ப அம்மா பயந்துபோய் வெச்சது" என்றான் சேனோ. "எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சும்மா. கையெழுத்து நானே போட்டுக்குவேன்."

துமினி மடியில் வைத்திருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்தாள். காலையிலிருந்து அதை யார் கையிலும் அவள் கொடுக்கவில்லை.

துகிமான் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டான். வருஷா வருஷம் பெருநாளன்று காசை எடுத்துக்கொண்டு போவாளாம். கர்சோ தாத்தா தொட மாட்டாராம். "இருக்கட்டும்மா, பாக்கி இருக்குறது நல்லது" என்று திருப்பி அனுப்பிவிடுவாராம்.

"இவ்வளவுதானே? நான் போய்க் குடுத்துட்டு வரேன்."

"வாங்க மாட்டார். அவர் வாங்காம எடுக்க விடாதீங்க."

சீருடைக்கென்று வைத்திருந்த பணத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு துகிமான் மோட்டார் சைக்கிளை மிதித்தான். காத்திருக்கச் சொன்னால் பையன் கேட்க மாட்டான் என்று தெரியும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

சோலோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அவன் போய்ச் சேர்ந்தபோது, கர்சோ தாத்தா வாசலில் உட்கார்ந்து கிராம்புச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். எப்படிக் கெஞ்சுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார்.

"குடு. ஊசி இன்னைக்கு வெளிய வந்துரும், வாங்கிக்கலாம்."

எண்ணிப் பார்க்கவில்லை. அப்படியே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது மட்டும் ஒன்று கேட்டார்.

"அம்மாக்காரி துணி கொண்டுவந்திருக்காளா?"

"வெச்சிருக்கா தாத்தா. மாத்துத்துணிதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சிகரெட்டைத் தரையில் நசுக்கினார்.

துகிமான் திரும்பி வந்தபோது வராந்தாவில் துமினி அதே இடத்தில் இருந்தாள். பையன் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டானாம். சிரித்துக்கொண்டே போனானாம்.

"கடன் தீர்ந்துச்சு துமினி. மறு பேச்சு பேசாம வாங்கிக்கிட்டார்."

அவள் அழவில்லை. அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முடிச்சைத் தேடுவது போல அவள் விரல்கள் பையின் வாயில் ஊர்ந்தன.

அறுவை அறைக் கதவு திறந்தது. மேஜர் கையில் தட்டு, தட்டில் ஊசி. அவருக்குப் பின்னால் உதவியாளர் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு உடம்புல எங்கேருந்துய்யா இவ்வளவு தண்ணி? வாளி வாளியா வருது, சேத்துத் தண்ணி..."

சூளைக் குட்டையின் வாடை வராந்தா வரைக்கும் வந்தது.

துமினி பையை அவிழ்த்தாள். உள்ளே மாற்றுச் சட்டை இல்லை. குட்டையிலிருந்து சேனோவைத் தூக்கிப்போட்ட அன்று பிணத்துக்குச் சுற்ற வாங்கிய கபன் துணி, மடிப்பெல்லாம் பழுத்து, ஏழு வயதுப் பிள்ளையின் அளவுக்குக் கிழித்தபடியே இருந்தது.