ஞாயிறு சமைத்தவர்

பார்க்டேல் நூலகக் கண்காட்சியில் யார் எந்த நாள் சமைப்பது என்ற 1986ஆம் ஆண்டு முறைப் பட்டியல் ஒன்று தொங்கியது. ஒரே அறையில் கிடந்து, உணவகங்களில் கோப்பை கழுவிய, அகதியாய் வந்த எங்கள் ஆட்கள் எழுதியது. நாளுக்கொன்றாய் ஏழு பெயர். ஞாயிறுக்கு நேரே அமிர்தநாதர் என்றிருந்தது. அது என் அப்பா. எனக்கு இரண்டு வயதில் கனடா வந்தவர். 1986ஓடு அவரிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது.

பட்டியலைக் கண்காட்சிக்குக் கொடுத்த சண்முகநாதன் அங்கிளைத் தேடி, ஞாயிறு பேக்கரி வேலை முடிந்து பிக்கரிங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அறையில் அப்போது ஒன்றாய் இருந்தவர்கள் வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அங்கிளோடு ஆறு பேர்.

போனில் எடுத்த பட்டியலின் படத்தை அங்கிளிடம் காட்டினேன்.

"உது என்ர கையெழுத்துத்தான் பிள்ளை. ஆனா உந்தப் பேரில ஆளில்லை. நாங்கள் ஆறு பேர்தான்."

"அப்ப ஞாயிறு ஆர் சமைச்சது?"

"ஞாயிறு மீன் குழம்பெல்லோ! மரியதாஸ் சட்டியையும் வழிச்சு நக்குவான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆர் சமைச்சது அங்கிள்?"

சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சரி, இருந்து சாப்பிட்டிட்டுப் போ. இண்டைக்கும் மீன்தான். மரியதாஸ், நீதானே சமைச்சனீ?"

"நானோ? நான் இப்பத்தானே வந்தனான். நீயெண்டெல்லோ நினைச்சன்."

குசினிக்குள் போனேன். ஆள் இல்லை. சட்டி சுட்டது. மேசையில் ஏழு சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போட்டிருந்தது. ஏழாவது சின்னக் கோப்பை. அதில் மட்டும், சின்னப் பிள்ளைக்கு வைப்பதுபோல, மீனை முள் எடுத்து வைத்திருந்தது.