மணிமேல் ஒரு விரல்

விரல் மணிமேல் இருந்தது. அழுத்தவில்லை.

மேடையில் டாக்டர் வில்வநாதன் மூன்றாவது முறையாக ‘இறுதியாக’ என்றார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஏதாவது ஒன்று புதிதாக ஆரம்பிக்கும். இந்த முறை ஜெர்மனி. பனி கொட்டும் ரயில் நிலையத்தில், உலகப் புகழ்பெற்ற ஒருவர் ஓடி வந்து இவரிடம் சந்தேகம் கேட்டது.

பின்னால் திரையில் தலைப்பு அப்படியே நின்றது. ‘மூளையில் தடுப்பு நியூரான்கள்: நிறுத்துவதன் மகத்துவம்.’

ஒதுக்கிய நேரம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதில் பாதியை அவருடைய பட்டங்களை வாசித்தவரே சாப்பிட்டிருந்தார். மீதியும் தீர்ந்ததும் ‘நேரம் கருதி’ என்று எழுதி மேடைக்கு ஒரு சீட்டு அனுப்பினார்கள். அந்தச் சீட்டால் வில்வநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஆய்வரங்கின் அமர்வுத் தலைவன் என்ற முறையில், நேரம் முடிந்ததும் அடிக்க வேண்டிய மணி அவன் பொறுப்பு.

நாளை காலை அவனுக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். தேர்வுக் குழுவில் வில்வநாதன். அவனுடைய பழைய நெறியாளரும் அவரே.

அதனால்தான் விரல் அங்கேயே இருந்தது.

மேடை ஓரத்தில் ஷமீமா நின்றாள். இப்போது அவனிடம் ஆய்வு செய்கிறவள். அடுத்துப் பேச வேண்டியவள். மடிக்கணினியில் தன் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரிசையில் பெங்களூரிலிருந்து வந்த அம்மையார். தன் ஆய்வகத்துக்கு இந்த வருடம் ஒரே ஒருவரை எடுக்கப் போகிறார். ஷமீமாவின் பேச்சைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார். கைப்பையை எடுத்து மடியில் வைத்தாகிவிட்டது. அவர் பிடிக்க வேண்டிய விமானத்துக்கு ‘இறுதியாக’ என்றால் இறுதியாகத்தான்.

வில்வநாதன் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். மூன்று வட்டங்கள்.

“ஒரு செல் துடிக்கிறது. பக்கத்துச் செல் அதை அடக்குகிறது. அப்போதுதான் செய்தி தெளிவாகிறது. ஆனால், அந்த அடக்குகிற செல்லையே இன்னொன்று அடக்கி வைத்துவிட்டால்? முதல் செல் பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும். தட்டிக் கேட்க ஆளிருக்காது.”

முன்வரிசை குறித்துக்கொண்டது.

அவன் படத்தையே பார்த்தான். நடு வட்டம் தன் சாடையில் இருப்பதாகப் பட்டது.

அழுத்தினான்.

டிங்.

அரங்கம் நிமிர்ந்தது. வில்வநாதன் முகம் மலர்ந்தது.

“கேட்டீங்களா? இதுதான் தடுப்பு. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? நம்ம பையன். நான் வளர்த்த பையன்.”

கைதட்டல்.

பையனுக்கு நாற்பத்தொன்பது வயது.

வில்வநாதன் அந்த உதாரணத்தை விளக்க ஆரம்பித்தார். அதற்கு மறுபடியும் ஜெர்மனி போக வேண்டியிருந்தது.

பெங்களூர் அம்மையார் எழுந்தார். ஷமீமா மடிக்கணினியை மூடினாள்.

மேசையில் செலோபன் உறைக்குள் ஒரு பொன்னாடை. மாலை நிறைவு விழாவுக்கு வாங்கி வைத்தது.

அவன் உறையைக் கிழித்தான்.

மேடையில் பேசுகிறவரை மணியால் நிறுத்த முடியாது. பசியால் முடியாது. மின்வெட்டால்கூட முடியாது, குரலை உயர்த்திக்கொள்வார். ஆனால் தோளில் பொன்னாடை விழும்போது பேசியவர் இந்த நாட்டில் எவருமில்லை. குனிய வேண்டும். கைகூப்ப வேண்டும். கேமரா எங்கே என்று தேட வேண்டும். நாக்குக்கு அங்கே வேலை கிடையாது.

நடந்துபோய் விரித்தான்.

“அன்றைக்கே நான் சொன்னேன், அந்த ரயில்...”

தலை தானாகக் குனிந்தது.

போட்டோகிராபர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சரிகையைக் கண்டதும் டம்ளரும் கையுமாக ஓடி வந்தார்.

“சார், பொன்னாடையைப் பிடிச்ச மாதிரியே ரெண்டு பேரும் இந்தப் பக்கம். பெரியவர் பேசாதீங்க சார். படத்துல வாய் திறந்து விழுது.”

வில்வநாதன் வாயை மூடினார்.

பொன்னாடைக்கு எழுந்த கைதட்டல் அடங்குவதற்குள் அவர் முழங்கையைப் பிடித்து, நாற்காலிவரை கூட்டிவந்து, உட்கார வைத்துவிட்டான்.

“அடுத்து ஷமீமா.”

பட்டம் எதையும் வாசிக்கவில்லை. அவளும் அவையோரை வணங்கிக்கொண்டிருக்கவில்லை.

“இது எலி மூளையில ஒரு சின்னத் துண்டு. செல்கள் துடிக்கிறதை ஒலியா மாத்தியிருக்கேன். முதல்ல, தடுப்புச் செல்களை மட்டும் மருந்து கொடுத்து நிறுத்தின பிறகு.”

ஒலிபெருக்கியில் ஒரு பாத்திரக் கடை மொத்தமும் படிக்கட்டில் உருண்டது.

“மத்த எல்லா செல்லும் நல்லாத்தான் வேலை செய்யுது,” என்றாள். “செய்திதான் இல்லை.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சளி பிடித்த இருமல் இல்லை அது.

வாசல்வரை போயிருந்த பெங்களூர் அம்மையார் திரும்பி நின்றார்.

“இப்போ, மருந்தைக் கழுவின பிறகு.”

டிக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டிக். டிக்.

ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டது. எது எதற்குப் பின் வந்தது என்று தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த அமைதியால் தெரிந்தது.

அம்மையார் கடைசி வரிசை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அவனுக்குப் பக்கத்தில் சரிகை சரசரத்தது. வில்வநாதன் அவன் காதுப்பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, நாளைக்குக் காலையில...”

அவன் திரும்பாமலே கையமர்த்தினான்.

அடுத்த டிக் இன்னும் வரவில்லை.