இஸ்பஹான் வாசல்

அண்ணி விசாலாட்சியின் கன்னத்தில் ஐந்து விரலும் பழுத்திருந்தன. புதுமனைக்கு வந்த சனம் அத்தனையும் பார்க்க, புருஷன் தர்மராஜ் அறைந்த அறை அது. செய்த தப்பு? காபி வாசலில் பதித்த நீல ஓட்டில் சிந்திவிட்டது!

"கழுத, இந்த ஓட்டோட அரும தெரியுமா ஒனக்கு?" என்று கத்திவிட்டு, விருந்தாளிகள் பக்கம் சிரித்த முகமாகத் திரும்பினான். ஈரான் படகுகளில் வேலை பார்த்துத் திரும்பியவன். "இஸ்பஹான்ல பெரிய சதுக்கம்ங்க. ஒரு பக்கம் செம்பு தட்டுறாங்க, ஒரு பக்கம் துணியில அச்சுக் குத்துறாங்க. அங்க உள்ள அரமண வாசலத்தான் நம்ம பட்டினச்சேரியில அப்படியே எறக்கியிருக்கேன்."

தம்பி கார்த்திகேசனுக்கு வயிறு எரிந்தது. போன வாரம் இதே அண்ணன் கடற்கரையில் வைத்து, துடுப்பு முறியும்வரை அவனை விளாசியிருந்தான். இன்னும் முதுகைப் பாயில் சாய்க்க முடியவில்லை.

வாசல் வளைவின் கீழே பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தனை விரட்டிவிட்டு, கார்த்திகேசன் தன் கூட்டாளி மணிவேலை அந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"நாளைக்கு மத்தியானம் தின்னுட்டுத் தூங்குவான். நீ பின்கதவ நெம்பு, நான் வெட்டுறேன்" என்று சுவரோடு சுவராகக் கிசுகிசுத்தான். எதிர் மூலையில் அண்ணி சுவரில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அத்தனை தூரம், அத்தனை கூச்சல். அவள் காதில் எங்கே விழப்போகிறது?

மறுநாள் அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாள். கடப்பாரைக்கு வேலையே இல்லை, பின்கதவு தொட்டதும் திறந்தது. "நம்ம நேரம்டா!" என்றான் மணிவேல்.

பதறி எழுந்த தர்மராஜின் கழுத்தில் முதல் வெட்டு விழுந்தது. வாசல்வரை தவழ்ந்து போனவனையும் விடவில்லை, ஆத்திரம் தீரத் தீர வெட்டினான் கார்த்திகேசன். நீல ஓடெல்லாம் ரத்தம்.

சாயங்காலம் போலீஸ் பிணத்தை எடுத்துப் போனபோது, "என் ராசாவக் கொன்னுட்டானுவளே!" என்று விசாலாட்சி மாரில் அடித்துக்கொண்டு கதறினாள். கார்த்திகேசனும் சளைக்கவில்லை. முந்தினநாள் கிசுகிசுத்த அதே மூலையில் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு பொய்யாக அழுதான்.

கூட்டம் கலைந்தது. திடீரென்று சுவருக்குள்ளிருந்து அவன் காதோடு ஒரு குரல். திரும்பிப் பார்த்தான். எதிர் மூலையில் அண்ணி, சுவர்ப்பக்கம் முகத்தை வைத்து நின்றிருந்தாள்.

"இந்த மூலையில பேசுனா அந்த மூலையில கேக்கும் தம்பி. நேத்து நீ பேசுனது பூரா கேட்டேன். கதவத் தெறந்து வச்சதே நாந்தான்."