அருமைநாயகத்தின் கேலக்ஸி

அருமைநாயகம் தன் தொலைநோக்கியில் இருந்த ‘நிரப்பி’யை ஒருநாளும் போட்டதில்லை. கண்ணுக்குப் புலப்படாததைத் தானாக நிரப்பிக் காட்டும் பித்தலாட்டத்துக்கு, இருபது வருடமாக வானம் பார்க்கிறவர் இறங்குவாரா? ஆகவே, ஒன்றோடொன்று மோதும் அந்த இரண்டு கேலக்ஸிகளும் அவருக்குச் சரியாக அழிக்காத சாக்பீஸ் தடங்களாகத்தான் தெரிந்தன.

அவர் மனைவி செல்வராணி நிரப்பியைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பாள். “ஏங்க, ரெண்டும் கையக் கோத்துக்கிட்டு நிக்குது. நடுவுல நீலமா ஒரு பாலம்!” என்றாள். மொட்டை மாடிக்கு வந்திருந்த வானியல் மன்றத்தார் அவளையே சூழ்ந்துகொண்டார்கள். அருமைநாயகத்துக்கு வயிறு எரிந்தது.

தன் முறை வந்ததும் குனிந்து பார்த்தவர், “பாலத்துக்குக் கீழ மூணாவதா ஒரு குட்டி இருக்கே, அது யார் கண்ணுலயும் படலையா?” என்று ஒரே போடாகப் போட்டார்.

பார்ப்பவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் நிரப்பி கற்றுக்கொள்ளும், கற்றதை மற்றவர்களின் தொலைநோக்கிகளுக்கும் அனுப்பிவிடும் என்பது அந்த எரிச்சலில் அவருக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் இரவு செல்வராணி மாடியிலிருந்து கத்தினாள். “நீங்க சொன்ன குட்டி இருக்குங்க! மன்றத்துல எல்லாரும் அவங்கவங்க வீட்டுலயே பாத்துட்டாங்க. உங்க பேரையே வெச்சுட்டாங்க!”

அவர் ஓடிவந்து, நிரப்பியை அணைத்துவிட்டுக் குனிந்தார். அதே இரண்டு சாக்பீஸ் தடங்கள். அவள் கவனிக்காத நேரமாகப் பார்த்து, முதன்முறையாக நிரப்பியைப் போட்டார். அவர் சொன்ன இடத்திலேயே, அவர் சொன்னதைவிட அழகாக, செம்பருத்தி மொட்டுப்போல ஒன்று சுடர்ந்தது.

“நகருங்க, இன்னொரு தடவ பாக்கறேன்” என்றாள் செல்வராணி.

“நீ பாத்ததெல்லாம் போதும்” என்றார், கண்ணை எடுக்காமல். “இது என்னோடது.”